ஏழாம் ரூட் இப்போது எங்கே

குன்றத்தூருக்கு ஃபேஸ்புக்கைக் கொண்டுவந்தவள் நான்தான். இப்படிச் சொன்னால் அடுப்படியிலிருந்து என் மருமகள் இருமுவாள். சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். மாடி அறையில் குடியிருந்த பெண்கள் போனுக்குச் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட் கூடுதலாக வைத்துக் கொடுத்தேன். அதில் போனைச் சொருகியவள் முத்துச்செல்வி. மற்றதெல்லாம் அவள் செய்தது.

நான் பெண்கள் பள்ளியில் புவியியல் எடுத்து ஓய்வு பெற்றவள். பூமத்திய ரேகையை நேரில் பார்த்திருப்பதாகவும், அது வெயிலில் வெளுத்துப் போயிருப்பதாகவும் வகுப்புக்கு வகுப்பு சொல்லியிருக்கிறேன். முத்துச்செல்வி எனக்கு நேர் எதிர். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து 2011-இல் வந்தவள். ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் தொழிற்சாலையில் வேலை. நல்லாத் தூங்கினியா என்று கேட்டால் போதும். எப்போது விழிப்பு வந்தது, எப்போது தண்ணீர் குடித்தாள், மறுபடி எப்போது கண் அசந்தாள், எல்லாம் வரிசையாக வரும். பேச்சில் ருசி கிடையாது, பிசகும் கிடையாது. என் கதைகளைக் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அது நடந்திருக்காது ஆச்சி" என்பாள், ரொம்ப மரியாதையாக.

கம்பெனி பஸ்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அவை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. காலை ஷிப்டுக்கான வண்டி இருட்டோடு கிளம்பும். நிறுத்தத்தில் நின்றால் ஏறலாம். தவறவிட்டால் அன்றைய சம்பளமும் போச்சு, அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. அதனால் பெண்கள் முன்கூட்டியே போய் ரோட்டோரம் நிற்பார்கள், மழையானாலும் நாய் குரைத்தாலும். ஏழாம் ரூட் குன்றத்தூரில் எடுத்து சோமங்கலம், படப்பை வழியாக ஒரகடம் போகும். முத்துச்செல்வி முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவள். பஸ் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். வழியில் நனைந்துகொண்டு நிற்கிறவர்களுக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் எத்தனையோ பேருக்குத் தெரிந்ததுதான்; அவளுக்கு மட்டும் அது உறுத்தியது.

ஒரு மழைநாளில், 'ஏழாம் ரூட்' என்ற பெயரில் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து, பஸ்ஸில் உட்கார்ந்தபடி எழுதினாள்: "குன்றத்தூர் எடுத்தாச்சு. மழை இருக்கு. வண்டி மெதுவா வருது." பார்த்தவர்கள் அவளுடைய அறைத்தோழிகள் மட்டும். அவர்களோ அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர்கள். மறுநாளும் எழுதினாள். அதற்கு மறுநாளும்.

"பக்கத்துல இருக்கிறவளுக்குச் சொல்றதுக்கு போன் எதுக்குடி?" என்று நான் சீண்டினேன்.

"ஒரு நாள் பாத்து ஒண்ணும் இல்லேன்னா மறுநாள் பாப்பாவ ஆச்சி. மறுநாளும் இல்லேன்னா பொறகு பாக்கவே மாட்டாவ. அதனால தெனமும் போடுதேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இவள் சொன்னபோது யோசித்தேன். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். எழுதாத நாளில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவளுக்கு நேரம் குறைவு. தொழிற்சாலை வாசலிலேயே கேமரா போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஆகவே போகும்போது எழுதுவாள், திரும்பும்போது பதில் சொல்வாள். கேட்டது யாராக இருந்தாலும், எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்டிருந்தாலும், பதில் போடாமல் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டாள். தவறு நேர்ந்தால் அதை மறைத்துத் திருத்துகிற வழக்கமும் இல்லை. "காலையில படப்பைன்னு போட்டது தப்பு. அப்போ வண்டி படப்பைக்கு வரல. அத நம்பி ஓடி வந்தவங்க மன்னிக்கணும்" என்று புதிதாக எழுதி உச்சியில் வைப்பாள். மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். பஸ் சோமங்கலத்தை நெருங்குகிறது என்று படித்த பிறகு அறையைப் பூட்டினால் போதும் என்று ஆனது.

"எல்லாம் சரி, உப்பில்லாத கஞ்சியா இருக்குதே. நடுவுல ஒரு கதை வுடு" என்றேன்.

"கதை வேண்டாம் ஆச்சி."

"அப்ப பஸ்ஸுல நடக்கிறதையாவது எழுது."

அதை ஒத்துக்கொண்டாள், நடக்கிறது என்பதால். இப்படித்தான் தசரதன் உள்ளே வந்தான்.

தசரதன் ஏழாம் ரூட் டிரைவர், எங்கள் ஊர்க்காரன். வழியிலிருந்த பள்ளங்களுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் பெயர் வைத்திருந்தான். சின்னது மச்சான். அகலமானது பெரியப்பா. சோமங்கலம் தாண்டியதும் இருந்த ஆழமான பள்ளம் மாமியார். அந்த மாமியாரில் ஒரு லாரி இறங்கி மறுபடி ஏறி வரும்போது டிரைவருக்குத் தாடி முளைத்திருந்தது என்று நான் சொல்வேன். நீங்கள் நம்ப வேண்டாம். பள்ளம் இருந்தது நிஜம். ஒவ்வொன்றையும் நெருங்கும்போது தசரதன் ஸ்டியரிங்கை விடாமல் தலையை மட்டும் குனிந்து, "வணக்கம் பெரிப்பா, இன்னிக்கு வுட்டுடு" என்பான். முத்துச்செல்வி அதை அப்படியே எழுதினாள். "பெரியப்பாக்கிட்ட சொல்லிட்டு வந்தாச்சு. மாமியார் வீட்டுல தண்ணி நிக்கி."

அதன்பிறகு பக்கம் பிடித்துக்கொண்டது. பக்கத்து ரூட்காரர்கள் படித்தார்கள். வேலையை விட்டு ஊருக்குப் போனவர்கள் அங்கிருந்தே படித்தார்கள். "இன்னைக்கு மாமியார் கோவமா இருக்காங்களா?" என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு தாய் தினமும் கேட்டாள், அவளுடைய மகள் படப்பையில் ஏறுகிறவள். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் நான் லட்சம் என்பேன். முத்துச்செல்வி நாலாயிரத்துச் சொச்சம் என்பாள்.

பஸ் நேரம் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பேர் படித்தார்கள் என்று நான் நம்பவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, யாரென்று தெரியாதவர்களோடு பாய் போட்டுப் படுத்திருக்கும் பெண், தான் மட்டும்தான் இந்த இருட்டில் எழுந்து தலை வாருகிறோம் என்று நினைத்துக்கொள்வாள். போனைப் பார்த்தால், இன்னொருத்தி எழுந்து பஸ் ஏறியே விட்டாள். அது போதும்.

2013 ஐப்பசி மழையில் வந்தது வினை. சோமங்கலத்துக்கு அப்பால் ஏரிக்கரை வளைவில் சில பெண்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் நிறுத்தத்துக்கு வர, விளக்கில்லாத ரோட்டில் வெகுதூரம் பின்னால் நடக்கவேண்டும். தசரதன் யாரிடமும் கேட்காமல், அந்த வளைவிலேயே வண்டியை நிறுத்தி அவர்களை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தான். முத்துச்செல்விக்கு அது மனதை நிறைத்தது. "ஏரிக்கரை வளைவுல இன்னைக்கும் தசரதன் அண்ணன் நிப்பாட்டினாங்க. நனைஞ்சு நின்ன பிள்ளைங்க எல்லாம் ஏறியாச்சு. அண்ணன் நல்லா இருக்கணும்." அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்துகொண்டது அதைத்தான். நல்லது செய்தவனை ஊரறியப் புகழ்ந்தாள். அவன் செய்தது விதிமீறல் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

இரண்டொரு நாளில் டிரைவர் சீட்டில் வேறு ஆள். தசரதனை வாலாஜாபாத் ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வண்டி இரவு வாலாஜாபாத்திலேயே நிற்கும். டிரைவரும் அங்கேயே வண்டிக்குள் படுக்கவேண்டும். அவன் மனைவி அம்சவல்லிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்து தலை நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பெனிக்கு பஸ்களை ஒப்பந்தத்துக்கு விடும் பகலவன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"இன்னாம்மா, என்னைப் பொழைக்க வுட மாட்டியா?" என்று ஆரம்பித்தான். "ஸ்டாப் இல்லாத எடத்துல வண்டிய நிறுத்தி எவளாவது அடிபட்டா இன்சூரன்ஸ் கெடையாது, நான்தான் உள்ள போவணும். கம்பெனில டிரான்ஸ்போர்ட் பாக்குறவர் நீ எழுதுனத எனக்கே காட்டி, இது இன்னா கதைன்றாரு."

"நிப்பாட்டுனது நெசந்தானே சார்" என்றாள் முத்துச்செல்வி.

"நெசமான்னு நான் கேட்டனா? ஒரு வரி போடு. வண்டி அங்க நிக்கவே இல்ல, சும்மா எழுதிட்டேன்னு. நாளைக்கே தசரதன் ஏழாம் ரூட்ல இருப்பான்."

அவனையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. கடன் வாங்கி பஸ் விட்டவன்; பயந்திருந்தான். காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

எனக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. "என் பேரைப் போடுடி" என்றேன். "வீட்டுக்காரக் கெழவி போனை எடுத்து இல்லாததை எழுதிட்டான்னு போடு. குன்றத்தூரே நம்பும்."

"நம்புவாவ. நீங்க சொன்னா சிரிச்சிட்டுப் போயிருவாவ ஆச்சி. நான் சொன்னா செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய வருதாவ. ஒருநா பொய்யின்னு ஆயிட்டா, நாளைக்கு எந்த நா நெசம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மத்தியானம் அம்சவல்லி வந்தாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"உன்னைக் குத்தம் சொல்லல. நல்லதுன்னு நெனச்சித்தான எழுதின" என்றாள். "அதுல இன்னா எழுதிக்கினு கீதுன்னுகூட எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது, அவருகிட்ட பட்டன் போன்தான். ஒரே ஒரு வரின்றாங்க. எனக்காகப் போட்டுடேன்." குழந்தை முத்துச்செல்வியின் விரலைப் பிடித்துக்கொண்டது. இவள் விரலை உருவிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் நான் மலைக்கு முருகனைப் பார்க்கக் கிளம்பினேன். அவள் மாடிப்படியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண். மறுபக்கம் முகம் தெரியாத நாலாயிரம் பேர். நான் திரும்பி வரும்போது எழுதி முடித்திருந்தாள், கற்சிலைபோல அசையாமல். அவள் எழுதியது இது:

"ஏரிக்கரை வளைவுல வண்டி நின்னது நிஜம். அது ஸ்டாப் இல்லை, அங்க நிப்பாட்டக் கூடாதுங்கதும் நிஜம். நான் எழுதினதால தசரதன் அண்ணனுக்குக் கஷ்டம் வந்திருக்கு. அங்க ஏறுத பிள்ளைங்க சோமங்கலம் ஸ்டாப்புக்கு இருட்டுல நடக்கணும். அந்த இடத்தை ஸ்டாப் ஆக்கிக் குடுங்கன்னு கம்பெனியக் கேக்கேன். நாளைக்கு ஏழாம் ரூட் எப்பவும்போல எடுக்கும். ஓட்டுதது வேற அண்ணன்."

யாரும் யாரையும் ஏசவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அவரவர் தாங்கள் நடக்கும் இருட்டைப் பற்றி எழுதினார்கள். மாரிராஜ் என்ற பையன், தன் ஷிப்ட் முடிந்து வந்தும் படுக்காமல், தங்கையை நிறுத்தம்வரை கொண்டுவிட்ட பிறகே தூங்கப் போவதாக எழுதினான். இன்னொருத்தி, பயத்தில் ஊரிலிருக்கும் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே நடப்பதாகவும், அம்மா அதற்காகவே அலாரம் வைத்து எழுவதாகவும் எழுதினாள். மற்ற ரூட்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிரான்ஸ்போர்ட் அதிகாரி இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்தானே, இதையும் படித்தார். கார்த்திகை முடிவதற்குள் ஏரிக்கரை வளைவில் ஒரு தகரப் பலகை நட்டார்கள். ஒரு விளக்கும் வந்தது, பாதி நாள் எரியும்.

பகலவன் மட்டும் உடனே இறங்கி வரவில்லை. தசரதன் வாலாஜாபாத்தில் பஸ்ஸுக்குள் படுத்து, பொங்கல் கழிந்த பிறகுதான் ஏழாம் ரூட்டுக்குத் திரும்பினான். அத்தனை வாரமும் முத்துச்செல்வி அம்சவல்லி வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிப் போனாள். அம்சவல்லி வேண்டாமென்று சொல்லவில்லை. அதிகமாகப் பேசவும் இல்லை.

இது 2015. முத்துச்செல்வி கல்யாணமாகி படப்பைக்குக் குடிபோய்விட்டாள். இப்போது முதல் நிறுத்தத்தில் ஏறும் வேறொரு பெண் போனில் சொல்ல, இவள் எழுதுகிறாள். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவளை உட்காரவைத்து, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். பாதியில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும் சொன்னாள்:

"ஒரு எடம் தப்பா இருக்கு ஆச்சி."

"எது, லாரிக்காரன் தாடியா?"

"அத யாரும் நம்பப் போறதில்ல, இருந்துட்டுப் போட்டும். ஞாயித்துக்கெழம சாயங்காலம். நான் ஒண்ணும் செலமாரி இருந்து நெசத்த எழுதல. அந்தப் பச்சப்பிள்ள மொகமே கண்ணுக்குள்ள நின்னுச்சு. முதல்ல பகலவன் சார் சொன்ன வரியத்தான் போட்டேன். வண்டி நிக்கல, சும்மா எழுதிட்டேன்னு."

"நான் பார்க்கலையே."

"நீங்க மலைய விட்டு எறங்குததுக்குள்ள அந்த வரிய எடுத்துட்டேன்."

"யாராவது திட்டினாங்களா?"

"ஒருத்தரும் திட்டல. மாடத்தின்னு ஒரு பிள்ள, அந்த வளைவுல ஏறுதவ. மழையில நனைஞ்சு ஏறுனவளே அவதான், நிக்கலன்னு நான் போட்டது பொய்யின்னு அவளுக்குத் தெரியாதா. அவ அதப்பத்தி ஒண்ணும் கேக்கல. 'அக்கா, நாளைக்கு நீங்க எடுத்தாச்சுன்னு போட்டா நான் கெளம்பட்டுமா, வேண்டாமா?'ன்னு மட்டும் கேட்டிருந்தா. அதுக்கு என்ன பதில் போடன்னு தெரியல ஆச்சி. அதான் எடுத்தேன். இதையும் எழுதிருங்க."