பாவாடை நாடா இருக்கும் இடம்

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டர் என்னைப் படுக்க வைத்து, தொப்புளுக்கு இடப்பக்கம் நீல மையால் ஒரு வட்டம் போட்டார். ஆஸ்பத்திரி கவுன் அணிந்திருந்தேன். தினமும் நான் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடம் அது. அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மலக்குடலில் புற்றுநோய். குடலின் முனையை அந்த வட்டத்தில் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அதற்கு ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் வாய்) என்று பெயர். அதன்மேல் ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுவதும். பையை மாற்றப் பழகினேன். நடந்தேன், சமைத்தேன். சில மாதங்களில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் பாலக்கரையில் என் பள்ளிக்கும் போனேன். கணக்கு டீச்சர் நான். மறுபடி வகுப்பில் நிற்க வேண்டும் என்றுதான் அத்தனையும் பொறுத்துக்கொண்டேன்.

முதல் நாளே மூன்றாம் பீரியடில் நாடா அழுத்திப் பை பிய்த்துக்கொண்டது. புடவை நனைந்தது. ஆட்டோவில் வீடு வரும்வரை அழுதேன். அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"பேசாம வேலையை விட்டுடேன்" என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது.

நாடாவை மேலே ஏற்றினால் புடவை நழுவியது. கீழே இறக்கினால் பை மடங்கியது. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன்.

"புடவை எங்க கட்டுவேன்னு ஏன் சார் கேக்கல?"

"கேட்டிருக்கணும்மா" என்றார்.

தலைமையாசிரியையிடம் சுடிதாருக்கு அனுமதி கேட்டேன். "உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க டீச்சர்" என்றார். கேட்கட்டுமே!

இதே அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் புடவையையோ வேட்டியையோ எடுத்துப் போங்கள். கட்டிக்கொண்டு, நின்று, உட்கார்ந்து, குனிந்து காட்டுங்கள். பிறகு வட்டம் போடச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை, இடுப்பில் தளர்வாக எலாஸ்டிக் வைத்துத் தைத்த சுடிதாரில் போனேன். காரணத்தை எழுதித் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தேன். அனுமதி என்ற சொல்லே அதில் இல்லை. படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பெல் அடிச்சாச்சு. கிளாசுக்குப் போங்க."

என் வயிறு இப்போது எந்த பெல்லுக்கும் கட்டுப்படாது. ஸ்டோமாவில் அடக்கிவைக்கும் தசை இல்லை, நினைத்த நேரத்தில் சத்தம் போடும். அன்று எட்டாம் வகுப்பில், பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது போட்டது. பின்வரிசைப் பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள்.

"யாருடி அது?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"நான்தான்" என்றேன். அடுத்த கணக்கை போர்டில் எழுதினேன்.