மாறிப்போன நெஞ்சுப் பட்டை

மூன்று மாதம் என் மனைவியின் இதயத்தை என்னுடையது என்று நினைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன். இதைக் காதல் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுத்தமான முட்டாள்தனம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றியதில் பிரஷரும் தொப்பையும் கூட்டாளிகளாக வந்து சேர்ந்தன. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், சைக்கிள் ஓட்டச் சொன்னார். ஓட்டத் தொடங்கிய இரண்டாவது வாரமே எனக்குச் சிறுமலை ஏறும் ஆசை வந்துவிட்டது. பதினெட்டு வளைவு.

டாக்டர் மறித்தார். "நெஞ்சுத் துடிப்பு நூத்தி நாப்பதத் தாண்டக் கூடாது சார். அளந்து பாக்க ஒரு மிஷின் வாங்குங்க. தனியா ஓட்டாதீங்க. மூணு மாச ரெக்கார்டக் கொண்டாங்க, அப்பறம் மலையப் பத்திப் பேசுவோம்."

துணைக்கு மனைவி வந்தாள். வெளியூர் வேலைக்குப் போன மகன் விட்டுச்சென்ற கியர் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது.

சைக்கிள் கடைத் தம்பி கண்ணாடி மேசைமேல் சைக்கிளில் மாட்டுகிற குட்டிக் கம்ப்யூட்டர் மூன்றை எடுத்து வைத்தான். ஒன்றில் கலர் மேப் இருந்தது. எனக்கு அதன்மேல்தான் கண்.

"இது போற வழியெல்லாம் காட்டும்ணே."

"இங்கன இருக்குற வடமதுரைக்குப் போய்ட்டு வாரதுக்கு இவருக்கு வழி காட்டணுமாக்கும்?" என்றாள் மனைவி. என் மூக்கிலிருந்து படிக்கிற கண்ணாடியைக் கழற்றினாள். ஹேண்டில்பார் இருக்கிற தூரத்தில் அந்தக் கலர் மேப்பைப் பிடித்தாள். "இதுல என்ன போட்ருக்கு, படிங்க."

எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதில் கலரும் இல்லை, மேப்பும் இல்லை. வேகம், இதயத் துடிப்பு, கேடன்ஸ் என்று மூன்று வரி, பஸ் நம்பர் மாதிரி கொட்டை எழுத்தில்.

"இதக் குடுங்க தம்பி," என்றாள்.

"கேடன்ஸுன்னா நிமிசத்துக்குப் பெடல் எத்தன சுத்து சுத்துதுங்கிறதுண்ணே," என்று தம்பி விளக்க ஆரம்பித்தான்.

"ஆர்.பி.எம்.முன்னு சொல்லு. யாருகிட்ட வந்து..." என்றேன்.

துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டுகிற பட்டை ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம். "ஒங்களுக்கு மட்டுந்தான் நெஞ்சு இருக்கா?" என்று அதை அவள் எடுத்துக்கொண்டாள். என்னுடையது கம்ப்யூட்டரில் தெரியும். அவளுடையது அவள் போனில்.

வீட்டில் கனெக்‌ஷன் கொடுக்க நானே உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருடமாக மோட்டாருக்குக் கனெக்‌ஷன் கொடுக்கிறவன் என்பதால் விளக்கப் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. ஆளுக்கொரு பட்டை கட்டிக்கொண்டோம். திரையில் இரண்டு பட்டைகளின் நம்பரும் வந்தன. குடும்பத் தலைவன் நான்தானே என்று மேலே இருந்ததைத் தொட்டேன். கீழே இருந்ததை அவள் போனுக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு எனக்கு மண்டைக் கனம் ஏறியது. ரயில்வே மேம்பாலத்தில் நாக்குத் தள்ள ஏறுவேன். கம்ப்யூட்டர் நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டும். கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் அந்த நம்பரைச் சொன்னேன். அவளை முந்திக்கொண்டு வேகமாகப் போனால் நம்பர் மறைந்து இரண்டு கோடு மட்டும் நிற்கும். என் வேகத்துக்கு மிஷினால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று முடிவு கட்டினேன்.

அவள் போனிலோ நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபது. "ஒனக்குக் கண்டிசன் பத்தல. உப்பக் கொற, ஊறுகாயத் தொடாத," என்று புத்தி சொன்னேன். பயந்துபோய் ஊறுகாய் ஜாடியை எடுத்துப் பரணில் வைத்தாள். நான் அப்பளம் நொறுக்கினேன்.

டாக்டரிடம் ரெக்கார்டு காட்ட இரண்டு நாள் இருந்தது. வடமதுரை ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம், என் சைக்கிள் எதிரே சாய்ந்திருந்தது. பூ மூட்டை ஏற்றி வந்த ஆட்டோ ஒன்று கடை முன்னால் நின்றுபோனது. டிரைவர் தனியாகத் தள்ளுவதைப் பார்த்து அவளும் போய்க் கை கொடுத்தாள். நான் வடையைப் பிய்த்தபடி தற்செயலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நூற்றுப் பத்து. நூற்று இருபத்தெட்டு. நூற்று நாற்பத்தொன்று.

"ஏய், இங்க வா! எனக்கு என்னமோ ஆகுது!"

"பாதி வட தின்னுட்டுத் தெம்பாத்தான இருக்கீங்கண்ணே?" என்றார் டீ மாஸ்டர்.

அவள் ஓடி வந்தாள். நூற்று ஐம்பது! பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நம்பர் மெதுவாக இறங்கியது. "நீ பக்கத்துல வந்ததும் கொறையுது பாரேன்," என்று உருகினேன்.

அவள் உருகவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள். "செத்த நேரம் சும்மா இருங்க" என்று எழுந்து, எதிரே இருந்த புளியமரம்வரை ஓடித் திரும்பினாள். நான் அசையவில்லை. கம்ப்யூட்டரில் நம்பர் ஏறி இறங்கியது.

மோட்டாரில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். என் கடைக்கு வேலை கற்க வருகிறவனுக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம் அது. மூன்று மாதமாக என் கம்ப்யூட்டரில் ஓடியது அவள் நெஞ்சு, அவள் போனில் ஓடியது என் நெஞ்சு.

டாக்டர் இரண்டு ரெக்கார்டையும் பார்த்தார். "இத நம்பி மலை ஏறியிருந்தா, எறங்கி வாரது ஒங்க வீட்டம்மா மட்டுந்தான் சார். இன்னும் மூணு மாசம்."

கனெக்‌ஷனை மாற்றிக் கொடுத்து, அவள் பட்டையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், என்னுடையதில் மஞ்சள். இந்த முறை உப்பைக் குறைத்தது நான். அத்தனை நாளும் என் உடம்பைப் பற்றி உண்மை சொன்ன வரி கேடன்ஸ்தான். நான் அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஐம்பது. கனமான கியரில் மிதித்து, லோடு அதிகமான மோட்டார் மாதிரி சூடேறிக் கொண்டிருந்திருக்கிறேன். லேசான கியருக்கு மாறி, எண்பது சுற்று சுற்றப் பழகினேன். நூற்று அறுபத்தெட்டு, வாரம் வாரமாக நூற்று முப்பதுகளுக்கு இறங்கியது.

டாக்டர் தலையாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிறுமலை ஏறினோம். நம்பர் நூற்று நாற்பதைத் தொடும்போதெல்லாம் இறங்கி நின்றேன். எத்தனை தடவை என்பது எனக்கும் குரங்குகளுக்கும் தெரியும். அவள் ஒவ்வொரு வளைவிலும் எனக்காகக் காத்து நின்றாள், மூச்சு வாங்காமல். பதினெட்டாவது வளைவில் என் திரையில் நூற்று முப்பத்தேழு. என் சொந்த நெஞ்சு. அவளிடம் எவ்வளவு என்று கேட்டேன். நூற்றுப் பதினாறாம். அவள் நம்பரை ஏற்கெனவே மூன்று மாதம் ஊருக்கெல்லாம் சொன்னவன்தான். இப்போது யாருடையது என்று சேர்த்துச் சொல்லும்போது பெருமை இன்னும் கூடுகிறது.

மேலே போய் உட்கார்ந்து தயிர்சோற்று டப்பாவைத் திறந்தாள். ஓரத்தில் மாவடு. நான் கை நீட்டினேன். டப்பாவை அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள்.

"ஒங்க நெஞ்சுக்கு நான் மூணு மாசம் பத்தியம் இருந்துருக்கேன். இனிமே எனக்குப் புத்தி சொல்ல வந்தா, மொதல்ல அது யாரு நெஞ்சுன்னு பாத்துட்டு வாங்க."