சிலுவைக்குத் தெற்கே ஐந்தாம் குழி

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. பெரம்பலூரில் ஓர் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த நான், நாற்பத்தாறாவது வயதில், எனக்கும் ஒரு பாட்டனார் இருந்ததைத் திடீரென்று நினைத்துக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். மேடு வந்த இடங்களில் இறங்கித் தள்ளவும் செய்தேன்.

நினைவு தானாக வந்துவிடவில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தங்கள் வம்சத்தில் ஏழு தலைமுறைப் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். என் முறை வந்தபோது மூன்றாவது பெயரிலேயே எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பாட்டனார் குதிரையில் வலம்வந்த பெரிய மனிதர் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். கலியாணத்துக்குள் அவர் கல்லறையைக் கண்டுபிடித்து, எழுத்து வெட்டிய கல் ஒன்றை நட்டு, சம்பந்தியை அழைத்துப்போய்க் காட்டிவிடுவதென்று தீர்மானித்தேன்.

பாட்டனாரின் ஊர் ஏலாக்குறிச்சி போகும் வழியில் இருக்கிற சிற்றூர், பெயர் வேண்டாம். பங்குச் சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லி, ஊரின் பிறப்பு இறப்பை எழுதிவைக்கிற உபதேசியார், அலமாரியிலிருந்து சாவு ஏட்டை எடுத்துக் கொடுத்தார். கரையான் தின்றது போக மீதி இருந்தது. யார், என்ன வயது, எதனால், எந்தக் குழி என்று ஆளுக்கு ஒரு வரி. காலரா வந்த வருஷங்களில் எழுத்து சிறுத்து நெருங்கி, ஒரே நாளில் பத்து வரி என்று போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கங்களை விரலில் எச்சில் தொட்டு வேகமாகத் தள்ளினேன். எனக்கு வேண்டியவர் ஒருவர்தானே.

பழைய பக்கம் ஒன்றில் கிடைத்துவிட்டார். பெயருக்கு எதிரே, ‘வண்டிக்காரன். காய்ச்சல். சிலுவைக்குத் தெற்கே மூன்றாம் வரிசை, ஐந்தாம் குழி.’ குதிரை இல்லை, மாடுதான். அதோடு ஏட்டை மூடினேன். கல்லில் எழுத்து வெட்டச் சொன்னபோது வண்டியை விட்டுவிட்டேன். கல்லை நட்டவன் என்ற முறையில் என் பெயர் அவர் பெயரைவிடச் சற்றுப் பெரிதாக அமைந்துவிட்டது.

அக்டோபரில் கல் வந்து இறங்கியது. சிலுவையிலிருந்து எண்ணிக்கொண்டு போய் ஐந்தாம் குழியில் நின்றேன். அங்கே ஆள் உயரத்துக்கு ஓர் அரளிச்செடி நின்றது. குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை எடுக்கவில்லை.

“ஐயா, இது யாரோ தண்ணி ஊத்தி வளக்குற செடிங்க.”

“புத்தகத்துல ஐந்தாம் குழின்னு இருக்குப்பா. வெட்டு.”

“புத்தகம் எழுதினவரு செத்துப் பல வருசம் ஆச்சுங்க. நாந்தானே இங்கயே கெடக்குறேன்.”

“அப்படின்னா அவரு எந்தக் குழியில இருக்காருன்னு உனக்குத் தெரியுமே. போய்க் கேட்டுட்டு வா.”

செடியை வேரோடு பிடுங்கி முள்வேலியில் எறிந்தார். கல் நிற்பதற்காக இரண்டு முழம் தோண்டியதும் நிறுத்தி, உள்ளங்கையில் எதையோ வைத்துக் காட்டினார். “சின்னப் புள்ள எலும்புங்க.”

அங்கே இடம் குறைவு. பழைய குழியிலேயே இன்னொருவரைப் புதைப்பார்கள். தோண்டும்போது மேலே வருகிற எலும்புகளை மூலையில் உள்ள பொதுக்குழியில் கொட்டிவிடுவது வழக்கம். பாட்டனாருக்கு மேலே பிற்பாடு யாரையோ போட்டிருக்கிறார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன். குமாஸ்தா அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை.

“பட்டா இல்லாம குடியேறின ஆளு. காலி பண்ணச் சொல்லு.”

கல் ஏற்றி வந்த வண்டிக்காரர் சிரித்தார். ஒருவர் சிரித்தால் போதும் எனக்கு. குழி வெட்டுகிறவர் சிரிக்கவில்லை. எலும்புகளைத் துண்டில் பொறுக்கிக்கொண்டு மூலைக்கு நடந்தார்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நின்றது. சம்பந்தி வீட்டாரை என் கல்லுக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன். ஓர் அம்மாள், கூலி வேலை செய்கிறவள், கையில் சொம்புத் தண்ணீரோடு அந்த வரிசையில் இரண்டு தரம் போய்வந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஐயா, இங்க ஒரு அரளி நின்னுச்சே, பாத்தீங்களா?”

“ஏம்மா?”

“எம் மவங்க. ஏழு வயசுல காலராவுல போயிட்டா. ஒத்தப் புள்ள. செடியத்தான் அடையாளம் வச்சிருந்தேன். அது இல்லாம எந்த எடம்னே புரியல.”

உபதேசியார் ஓடிப்போய் ஏட்டைக் கொண்டுவந்தார். நான் எச்சில் தொட்டுத் தள்ளிய பக்கம் ஒன்றில் அந்தக் குழந்தை இருந்தாள்: மூன்றாம் வரிசை, ஐந்தாம் குழி. அதற்கும் முந்திய ஒரு பக்கத்தில், பாட்டனார் போன பிறகு புயலில் விழுந்த சிலுவையை இருபது அடி கிழக்கே தள்ளி நட்டதாகச் சிவப்பு மையில் எழுதியிருந்தது. என் பாட்டனார் இருபது அடி மேற்கே, சம்பந்தியின் வண்டிமாடுகள் கட்டிக்கிடந்த இடத்தில் இருந்தார். வண்டிக்காரருக்குப் பொருத்தமான இடம்தான். செடியைப் பிடுங்கச் சொன்னது நான்தான் என்பதை ஒப்புக்கொண்டேன். அதுவரை என்னால் முடிந்தது.

“அப்ப எம்புள்ள இந்தக் கல்லுக்குக் கீழதான இருக்கா?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

குழி வெட்டுகிறவர் என் முகத்தைப் பார்த்தார். எலும்பு விஷயம் தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

“ஆமாம்மா,” என்றேன்.

அவள் என் பெயரின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, கல்லுக்கு அடியில் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். சொம்புத் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கல்லின் மேலேயே ஊற்றினாள்.

வெளியே வந்தபோது குழி வெட்டுகிறவர் என் பின்னால் வந்தார். “ஆமான்னுட்டீங்களேய்யா.”

“வேற என்னப்பா சொல்லச் சொல்றே?”

“தெரியலீங்க. நான் படிச்சவனில்ல.”

கலியாணம் நடந்தது. சம்பந்தி அதற்குப் பிறகு வம்சத்தைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. கல்லைத் திருப்பிப்போட்டு, மறுபக்கத்தில் அந்தக் குழந்தையின் பெயரை வெட்டச் செய்தேன். இப்போதும் நவம்பரில் போகிறேன். பாட்டனாருக்கு ஒரு வர்த்தி. மூலைப் பொதுக்குழிக்கு ஒன்று. போன வருஷம் அந்த அம்மாள் பார்த்துவிட்டு, “அந்த மூலையில யாருங்க உங்களுக்கு?” என்று கேட்டாள். வேண்டியவர்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, என் கல்லுக்கு அடியில் யாருமில்லாத குழிக்கு வர்த்தி ஏற்றப் போனாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். ஊரெல்லாம் படிக்க எழுதிவிட்ட பிறகும், அவள் ஒருத்தியிடம் வாய்திறந்து சொல்ல வேண்டியது அப்படியே பாக்கி நிற்கிறது.