இடது பக்கத்து போல்ட்

"நீ சரியாவே பிடிக்கல!"

"பிடிச்சுட்டுத்தான்டா இருக்கேன். நீதான் அந்தப் பக்கத்துலேருந்து தள்ளுற..."

"நான் எங்க தள்ளுறேன்? ரெண்டு கையிலயும் ஸ்பானர் இருக்கு, பாரு!"

"அப்ப கம்பி என்ன, தானா நகருதா?"

ஆமாம், தானாகத்தான் நகர்ந்தது. சோடித்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இன்றைக்கும் அந்த அக்காவிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். தம்பி எழுந்தே போய்விடுவான்.

மறுநாள் அக்காவுக்குப் புது வேலை. வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வர வேண்டும். வண்டி இல்லாவிட்டால் வேலையும் இல்லை. போன வருடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, கணுக்காலில் தகடு வைத்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் பழைய நர்ஸ் வேலையை இழந்தவள் அவள். இதுவும் நாலு இடத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் கிடைத்தது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தாள். வந்ததும் வராததுமாக அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"விழுந்தா கால் நசுங்காம இருக்க இன்ஜின் கார்டை மாட்டு. அப்புறம் சாவியைக் கேளு. இன்னொரு தடவை உன்னை ஆஸ்பத்திரியில பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. வீட்டுப் பக்கத்துச் சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள். கடையில் புதிதாக வாங்கிய கார்டு, இன்ஜினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் ஒரே கம்பி. மேலே ஒரு பட்டை, கீழே பக்கத்துக்கு ஒரு போல்ட். அரை மணி வேலை.

வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இடது பக்கம் ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. ஒரு விரல் அகலம் விலகி நின்றது.

"ஒரு பக்கத்தை முழுசா இறுக்கிட்டா மறுபக்கம் எப்படிடா சேரும்? எல்லாத்தையும் லூஸா மாட்டிட்டு அப்புறம்தான் இறுக்கணும்."

"வந்துட்டாங்க மெக்கானிக் அம்மா."

லூஸாக மாட்டினார்கள். சேரவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்கள். சேரவில்லை. தம்பி கடுப்பில் ஓர் உதை விட்டான். கம்பி உள்ளே போனது. பிறகு மெதுவாக... மிக மெதுவாக... பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"கடைக்காரன் வேற வண்டிக்கு உள்ளதைத் தலையில கட்டிட்டான்!"

"வலது பக்கம் மட்டும் நம்ம வண்டிக்குச் செஞ்சானா?"

மணி ஐந்தரை ஆகிவிட்டது. தம்பியின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒற்றை போல்ட்டுக்காகவா இந்த வேலையும் கை நழுவ வேண்டும்?

எதுதான் தடுக்கிறது என்று கம்பிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். எதுவும் இல்லை. வெறும் இடம்.

ஆனால் சூடாக இருந்தது.

"டேய், வண்டியை ஸ்டார்ட் பண்ணியா?"

"சாவிதான் அம்மாகிட்ட இருக்கே."

வலது பக்கம் தொட்டாள். ஜில்லென்று கிடந்தது. மறுபடி இடது பக்கம். சூடு... இரும்பின் சூடு இல்லை. காய்ச்சல்காரர் உடம்பின் சூடு. எத்தனை கைகளைப் பிடித்து ஊசி போட்டவள். அவளுக்கா தெரியாது?

கையை இழுத்துக்கொண்டாள். தம்பியிடம் சொல்லவில்லை.

இருட்டத் தொடங்கியது. தம்பிக்கு வெறி வந்துவிட்டது. ஓர் இரும்புக் குழாயைக் கொடுத்து நெம்பினான்.

"இப்பப் போடு! போல்ட்டைப் போடுக்கா!"

போட்டாள். இறுக்கினாள். ஒரு சுற்று.

க்ர்ர்க்...

இன்னொரு சுற்று.

க்ர்ர்க்...

இரும்பில் அப்படிச் சத்தம் வராது.

"சேர்ந்துடுச்சு! அம்மா, சாவியை எடு!" தம்பி துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

சந்தில் அவள் மட்டும்.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சு விடுகிறார்கள். வண்டிக்கு இடது பக்கம். தரைக்கு மிக அருகில்.

வண்டி ஒரு முறை குலுங்கியது.

வண்டியை விற்றவரின் எண் அவள் போனில் இருந்தது. அழுத்தினாள்.

"அண்ணே... இந்த வண்டியில இதுக்கு முன்னாடி இன்ஜின் கார்டு இருந்துதா?"

அவர் திருப்பிக் கேட்டார்.

"மாட்டிட்டியாம்மா?"

"இப்பத்தான்."

"என் தம்பி வண்டிம்மா அது. ஆளில்லாத ரோட்டுல வண்டியோட சாஞ்சுட்டான். பெரிய அடி ஒண்ணும் இல்ல. இடது கால் மட்டும் அந்தக் கம்பிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. உருவ முடியல. ராத்திரி பூரா கத்தியிருக்கான். விடிஞ்சுதான் அந்தப் பக்கம் ஆள் வந்துச்சு. அதுக்குள்ள..."

"அண்ணே..."

"செத்தப்புறமும் கால் வரலம்மா. கம்பியை அறுத்துத்தான் எடுத்தோம்."

போனைக் கீழே வைத்தாள்.

தம்பி சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். "அம்மா குடுத்துட்டாங்க! காலையில நீ கிளம்பலாம்!"

அவள் ஸ்பானரை எடுத்தாள்.

"அக்கா, என்ன பண்ற? நாலு மணி நேரம் உயிரை விட்டிருக்கோம்! நாளைக்கு வேலை?"

ஒரு சுற்று.

"அக்கா!"

இரண்டு.

போல்ட் கழன்று விழுந்தது. அவள் தரையோடு தரையாகக் குனிந்தாள்.

"கழட்டிட்டேங்க... காலை எடுத்துக்கோங்க."