ஒடுவந்தழை

எழுபதுகளின் கடைசியில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நான் குன்னத்துக்கு வாழ வந்த புதிது. கொட்டகைக்குக் கால் நட, காட்டில் புதராக மண்டிக் கிடக்கும் ஒடுவனை என் கணவர் வெட்டி வந்து, தழையைக் கழித்து ஓரமாகப் போட்டிருந்தார். எல்லாம் காய்ந்துபோன அந்தக் கோடையில் அது மட்டும் அவ்வளவு பச்சை. கட்டிக் கிடந்த சினையாட்டுக்கு அள்ளி வைத்தேன். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்தான் கழுத்தைத் தடவித் தடவி ஊட்டினேன்.

பொழுது சாய்வதற்குள் ஆடு செத்துப்போயிற்று.

மாமியார் திட்டவில்லை. "ஒடுவந்தழை வெசம்னு ஆட்டுக்கே தெரியும்மா. மேய்ச்சல்ல அதுல வாய வைக்காது. நீ குடுத்ததால தின்னுருக்கு" என்றார்.

கொட்டகைக்கு நட்ட அந்த ஒடுவங்கால்கள் இன்றும் நிற்கின்றன, கரையான்கூடத் தொடவில்லை. கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்த மூக்கின் ஈரம் படுகிறது.