மூலை மடித்த சீட்டு

பிரான்சின் தென்கோடி மலைகளில் பனிச்சறுக்கு விளையாட எந்த ஊருக்குப் போவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, திருப்பதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், பனியைக் குளிர்பதனப் பெட்டியின் மேலறையில் மட்டுமே பார்த்திருக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியனான என்னிடம் வந்து சேர்ந்தது. மகள் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறாள். பிப்ரவரியில் பேத்திக்குப் பள்ளி விடுமுறை. ஊரைத் தேர்ந்தெடுப்பதில் மகளுக்கும் மருமகனுக்கும் ஒத்துவரவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அப்பாவிடம் கொடுத்துவிட்டால் ஃபைல் போட்டு முடித்துவிடுவார் என்பதுதான் அது.

சித்தூரில் முப்பத்து நாலு வருடம் ஃபைல் போட்டவன் நான். ஆகவே போட்டேன். மூன்று ஊர்களுக்கு ஓர் அட்டவணை, ஆறு கட்டங்கள்: உயரம், பனி நிச்சயமாகக் கிடைக்குமா, புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற சரிவு, குழந்தைகளுக்குப் பயிற்சி, தங்குமிடம், துலூஸிலிருந்து தூரம். ஃபோன் ரொமூ என்ற ஊர்ப்பக்கம் ஒரு குட்டி மஞ்சள் ரயில் மலையேறிப் போகிறது. ரயில்வேக்காரர் மகன் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு சாய்வு உண்டு என்பதை அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டேன். லா மோன்ஜி நல்ல உயரத்தில் இருக்கிறது, பனிக்குக் குறைவிருக்காது. சேன் லாரி பள்ளத்தாக்கில், ஏறக்குறைய நம் திருமலையின் உயரத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் ஏறித்தான் சறுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இவ்வளவும் எழுதிய பிறகு, நானே எதிர்பார்க்காமல், ஏழாவதாக ஒரு கட்டம் போட்டு அதன் தலைப்பில் 'சறுக்காதவர் உட்கார்ந்து பார்க்க இடம்' என்று எழுதினேன்.

மகள் உடனே கூப்பிட்டாள். “ஏழாவது கட்டம் யாருக்குப்பா? நாங்க மூணு பேருமே சறுக்கத்தானே போறோம். நீங்க வர்றீங்களா?”

என் பயணத்துக்கு முழங்கால்கள் ஒப்புதல் தரவில்லை என்றேன். அப்படியானால் அதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். ஃபைலில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்பது முறை. மகளிடம் சொல்லாத காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நைனா என்று கூப்பிட்ட என் அப்பா திருப்பதி ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தா. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு அறை. பூர்வீகம் வடமாலபேட்டைப் பக்கம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, நைனாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலம். குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் இலவசமாகப் போய்வர ரயில்வே அவருக்குப் பாஸ் கொடுத்தது. நாங்கள் எந்த மூலைக்கும் போனதில்லை. திருப்பதியில் குடியிருப்பவன் விடுமுறைக்கு வெளியூர் போக முடியாது. மற்றவர்களின் விடுமுறை அவன் வீட்டில்தான் நடக்கும். பொங்கலானாலும் புரட்டாசியானாலும் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய உறவினர்கள் கூடத்தில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். குளியலறைக்குப் போக வேண்டுமானால் பதினோரு தலைகளைத் தாண்ட வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு. அவள் இதயத்தில் ஒரு வால்வு பழுது. இன்று இப்படி எழுத முடிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவுக்கு மூச்சு வாங்கும் என்பதுதான். ஒருமுறை திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் எல்லோரோடும் படியேறத் தொடங்கியவள் கொஞ்ச தூரத்திலேயே உதடு நீலமாகி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு திருமலைக்கு அவளுக்கு மட்டும் பஸ். அதை நான் ஒரு சலுகையாக நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நைனா அவளைச் சித்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போவார். அப்படிப் போன ஒருநாள் அங்கிருந்து ஒரு மருந்து நாட்காட்டியோடு வந்தாள். ஜனவரித் தாளில் ஏதோ ஐரோப்பிய மலை, முழுக்கப் பனி. சிவப்புக் குல்லாய் போட்ட ஒருவன் கால்களில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, பின்னால் வெள்ளைத் தூள் பறக்க இறங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தாளைக் கிழிக்க அக்கா விடவில்லை. எங்கள் வீட்டில் அந்த வருடம் டிசம்பர் முடியும்வரை ஜனவரியாகவே இருந்தது.

அரிசி ஆலைக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் உமி குவிந்து கிடக்கும். சரக்குக் கொட்டகையில் உடைத்துப்போட்ட பெட்டிகளிலிருந்து இரண்டு பலகைகள் எடுத்துவந்து, சாக்குக் கயிற்றால் என் காலில் கட்டிவிட்டாள் அக்கா. நான் மேலே ஏறுவேன். அவள் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து பயிற்சி கொடுப்பாள்.

“முட்டிய மடக்குடா. படத்துல அவன் மடக்கிக்கினு கீறான் பாரு. நீ கொடிக்கம்பம் மாதிரி நிக்கிற.”

இரண்டடி சறுக்கி, மிச்ச தூரம் உருண்டு வந்து அவள் காலடியில் விழுவேன். காது, மூக்கு, டவுசர் எல்லாம் உமி. நீ எப்போது சறுக்குவாய் என்று ஒருநாள் கேட்டேன். நெஜப் பனியில்தான் சறுக்குவாளாம், உமியெல்லாம் என்னைப் போன்ற ஆள்களுக்காம்.

அந்த வருடக் கடைசியில் நைனாவுக்கு என்ன தோன்றியதோ, வருகிற சங்கராந்தி விடுமுறைக்கு உறவினர்கள் வந்து இறங்குவதற்குள் நாம் கிளம்பிவிடலாம் என்றார். பாஸ் விண்ணப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். போகுமிடம் என்ற கட்டம் மட்டும் நான்கு நாள் காலியாக இருந்தது. அம்மாவுக்குக் காசி. நைனாவுக்குக் கன்னியாகுமரி. எனக்கும் அக்காவுக்கும் சிம்லா. ரயில் மலையேறி அந்த ஊர்வரைக்கும் போகும் என்று நைனாவின் தடித்த கால அட்டவணைப் புத்தகத்தில் அக்கா கண்டுபிடித்திருந்தாள். மெட்ராஸ், டெல்லி, கால்கா, சிம்லா என்று வாய்ப்பாடு போல நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

முடிவுக்கு வராத விஷயங்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. பெண் பார்ப்பதானாலும் ஆபரேஷன் செய்வதானாலும், சீட்டு எழுதிச் சாமி படத்தின் முன்னால் போட்டு, வீட்டில் சிறியவனைக் கண்ணை மூடி எடுக்கச் சொல்வார்கள். வந்ததுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. வெள்ளிக்கிழமை சீட்டு போடலாம் என்று நைனா சொல்லிவிட்டார்.

உமிக் குவியலின் அடியில் வைத்து அக்கா திட்டம் சொன்னாள். “சீட்டு எழுதறது நான்தான். சிம்லாவுக்கு மட்டும் ஒரு மூலைய மடிச்சி வெக்கிறேன். கண்ண மூடிக்கினு வெரலால தடவிப் பாரு, தெரியும்.”

சாமி கண்ணைக் குத்தாதா என்று கேட்டேன்.

“ஏன் குத்துறாரு? எத்தினி நாளா ஒரே மலையில நின்னுக்கினு கீறாரு. அவருக்கும் வேற மலை பாக்கணும்னு இருக்காதா?”

இதில் நியாயம் இருந்ததாக எனக்குப் பட்டது.

புதன்கிழமை நைனா அவளைச் சித்தூருக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம் திரும்பி வந்ததும் நைனாவும் அம்மாவும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அக்காவும் உள்ளே போனாள். என்னைக் கற்பூரம் வாங்கிவர அனுப்பினார்கள். கற்பூரம் வீட்டில் இருந்தது. இருந்தும் போனேன். கடையில் மிச்சக் காசுக்கு மிட்டாய் கிடைக்கும். நான் திரும்பியபோது அக்கா நாட்காட்டிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூலை விஷயம் ஞாபகம் இருக்கிறதா என்று காதோரம் கேட்டேன். “இருக்குது, போடா” என்றாள்.

வெள்ளிக்கிழமை பித்தளைத் தட்டில் வெற்றிலை பரப்பி அக்கா மூன்று சீட்டுகளை வைத்தாள். நைனா கைகூப்பிக் கண்ணை மூடினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கற்பூரப் புகை என்று நினைத்தேன். நான் கண்ணை மூடித் தட்டில் விரலை ஓட்டினேன். முதல் சீட்டில் மடிப்பில்லை. இரண்டாவதில் இருந்தது. ஒரு மூலை மட்டும், சுத்தமாக, நகத்தால் அழுத்தி மடித்திருந்தாள். எடுத்து நைனாவிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் படித்தார்.

கன்னியாகுமரி.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று சொல்வது? அக்கா ஏமாற்றிவிட்டாள் என்றால், நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் குற்றத்தையும் எழுதாமல் பிறர் குற்றத்தை எழுத முடியாத மனுக்களைப் பின்னாளில் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்களே அவற்றைக் கொடுக்காமல் திரும்ப எடுத்துப்போய்விடுவார்கள். சாமி முன்னால் வைத்ததைக் குப்பையில் போடக்கூடாதென்று அம்மா மற்ற இரண்டு சீட்டுகளையும் பிரிக்காமல் படத்தின் பின்னால் செருகிவைத்தாள். காலியாக இருந்த கட்டத்தை நைனா மையால் நிரப்பினார்.

திருநெல்வேலிவரை பாஸ், அங்கிருந்து பஸ். வழி முழுக்க நான் அக்காவோடு பேசவில்லை. ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். உட்கார்ந்துகொண்டேன், பேசவில்லை. கன்னியாகுமரிக் கரையில் அரிசி அரிசியாக ஒரு வெள்ளை மணல் உண்டு. அக்கா அதை மடி நிறைய அள்ளிவந்து, நடுநடுவே நின்று மூச்சு வாங்கி, ஒரு மலை செய்தாள். ஐஸ் குச்சி ஒன்றை இரண்டாகப் பிளந்து சரிவில் பதித்தாள். அதன்மேல் ஒரு தீக்குச்சியை நட்டாள். சிவப்பு மருந்துத் தலை, சிவப்புக் குல்லாய்.

“வந்து பாருடா. முட்டி மடங்காம நிக்கிறான். உன்ன மாதிரியே.”

நான் போய்ப் பார்த்தேன். காலால் எத்தினேன்.

மணல் அவள் பாவாடை மேலெல்லாம் தெறித்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, “வுடு” என்றாள். “பனி மலைன்னா அப்பப்ப சரியத்தான் செய்யும்.”

செருப்பு இடம் மாறியிருந்தாலே ஆங்கிலத்தில் கத்தும் நைனா அன்று என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய்க் கடலைப் பார்த்து வெகுநேரம் நின்றார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பிய பிறகு பேச ஆரம்பித்தேன். பென்சில் சீவ ஒரு ஆள் வேண்டியிருந்தது. சீட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அக்கா இறந்துபோனாள். எத்தனையோ மரணங்களுக்குச் சான்றிதழ் வழங்க ஒப்புதல் எழுதிய எனக்கு, இதை இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதத் தெரியவில்லை.

பதினோரு வருடம் கழித்து நைனா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலிசெய்யும்போது சாமி படத்தை இறக்கியவன் நான். பின்னாலிருந்து இரண்டு சீட்டுகள் விழுந்தன. பழுப்பேறியிருந்தன. இரண்டையும் பிரித்தேன். இரண்டிலும் அக்காவின் குண்டு எழுத்தில் கன்னியாகுமரி.

பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் நீட்டினேன். அவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்.

“மலைக்கும் குளிருக்கும் கூட்டிக்கினு போனா திரும்பக் கூட்டிக்கினு வர முடியாதுன்னு டாக்டரு அவ எதுருலியே சொல்லிட்டாரு. உங்க நைனா பயணமே வேணாம்னாரு. அவதான் ஒத்துக்கல. என்னாலதான் சிம்லா இல்லன்னு தம்பிகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்குவான், மூணுலயும் நான் ஒண்ணே எழுதிடறேன்னா.”

மூலையைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மூன்றிலும் ஒரே ஊர்தான் என்றால் எதை எடுத்தாலும் ஒன்றுதான். பிறகு எதற்காக மூலையை மடித்தாள்? மடிக்காமல் விட்டிருந்தால் நான் சாமியை நொந்துகொண்டு போயிருப்பேன். அவள்மேல் கோபம் வந்திருக்காது. நடைமுறை தெரிந்தவனாக யோசித்தால் ஒரு பதில் கிடைக்கிறது. குற்றவுணர்ச்சி இல்லாத ஒன்பது வயதுப் பையன் மற்ற சீட்டுகளையும் பிரித்துக் காட்டு என்று அடம்பிடித்திருப்பான். மூலை என் வாயை அடைத்தது. இன்னொரு பதிலும் இருக்கிறது. மடிக்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள், மடித்தாள். சொன்னதில் அவளால் காப்பாற்ற முடிந்தது அவ்வளவுதான். இரண்டில் எது என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

மகளுக்குச் சேன் லாரி என்று எழுதி அனுப்பினேன். ஏழாவது கட்டத்தில் அந்த ஊருக்குத்தான் மதிப்பெண் அதிகம். மேலே போகிறவர்கள் போகலாம், முடியாதவர்கள் கீழே வெயிலில் உட்கார்ந்து தொங்கும் பெட்டிகள் ஏறுவதைப் பார்க்கலாம். அவள் காரணம் கேட்கவில்லை. பேத்தி முட்டியை மடக்கி நிற்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

சீட்டு எடுத்த அந்த வெள்ளிக்கிழமை சாமி படத்தின் முன்னால் நாங்கள் நாலு பேர் நின்றோம். சாமியை ஏமாற்றியது நானும் அக்காவும் மட்டும்தான் என்று நம்பி, கற்பூரம் அணைவதற்குள் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அக்காவும் போட்டுக்கொண்டாள். எனக்குத் துரோகம் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன். நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன்.