முதலை தின்ற மாட்டுக்கு மானியம்

“இந்த ஆபீஸ்ல உயிரோட வர்றவனுக்கு நாற்காலி கிடையாது. செத்த மாட்டுக்குத்தான் மரியாதை.” நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, அபர்டீன் பஜார் டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது இது. நான் சேர்ந்ததோ மாட்டு மானியப் பிரிவில். மனுவோடு ஏதாவதொரு ஜன்னல் முன்னால் நின்று கால் கடுத்தவர்களே, உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கும் சுகமில்லை, நம்புங்கள்.

காது

தீவில் குடியேறிய குடும்பங்களுக்கு உழவு மாடுகள் மானியத்தில், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும். ஒவ்வொன்றின் இடது காதிலும் நம்பர் போட்ட தகர வில்லை தொங்கும். மாடு செத்தால் வில்லையோடு காதை அறுத்து வந்து காட்ட வேண்டும். அப்போதுதான் மாற்று மாட்டுக்கு மானியம். கசாப்புக்கு விற்றுவிட்டுச் செத்ததாகச் சொன்னவர்கள் இருந்ததால் இப்படியொரு விதி.

பொருளாதாரத்தில் பி.ஏ. வாங்கிய என் மேஜையில், உப்புத் தடவி இலையில் சுற்றிய காதை முதன்முதலில் வைத்தவர் ஒரு வங்காளிப் பெரியவர். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். அவர் ஹிந்தியில் சமாதானம் சொன்னார்: “பயப்படாதே மகளே, இது இனிமேல் ஈகூட ஓட்டாது.”

ரசீது

சிப்பிகாட் கிராமத்திலிருந்து பொன்னுத்தாய் அக்கா வெறுங்கையோடு வந்தார். கணவர் இறந்தபின் நிலத்தைத் தனியாகப் பார்ப்பவர். தண்ணீர் குடிக்க ஓடையில் இறங்கிய உழவு மாடுகளில் ஒன்றை முதலை இழுத்துப் போய்விட்டது. மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இந்தப் பருவத்தில் உழாவிட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள்.

ஹெட் கிளார்க் நிமிராமலே கேட்டார், “காது எங்கே?”

“முதலைக்கிட்ட ரசீது வாங்காம வந்துட்டேன் பாபு, தப்புத்தான்.”

யோசனை

மறுவாரமும் வந்தார். பியூன் அவரை ஓரமாக அழைத்து ஒரு வழி சொன்னான்: மிச்சமிருக்கும் மாட்டின் காதை அறுத்து வந்தால் போதும், வில்லை நம்பரை அவன் பார்த்துக்கொள்வான். அவன் குரலைத் தாழ்த்தினான். அக்கா தாழ்த்தவில்லை. ஆபீஸ் முழுக்கக் கேட்டது: “இல்லாததைக் காட்ட இருக்கறதை அறுக்கணுமா? உன் காதைக் குடேன், பெரிசாத்தானே இருக்கு!”

வராந்தா

மூன்றாம் தடவை மாட்டோடு வந்தார். விடியுமுன் கிளம்பி அத்தனை தூரம் நடத்தி வந்து, வராந்தாத் தூணில் கட்டினார். ஹெட் கிளார்க் கூச்சலிட்டார். உயிருள்ள மாட்டைத் திரும்பப் பெற எங்களிடம் படிவமே கிடையாது. மாடு அதற்குள் வாசலில் சாணி போட்டுவிட்டது.

“ஒத்தை மாட்டை வச்சு நான் என்னத்த உழ? சர்க்கார் மாடு, சர்க்காரே வச்சுக்கட்டும். காது ரெண்டும் இருக்கு, எண்ணிப் பாத்துக்கங்க.”

பதினோராம் விதி

“ஆதாரம் இல்லை, தள்ளுபடி” என்று எழுதச் சொல்லி பைல் என்னிடம் வந்தது. நான் எழுதவில்லை. ஆபீஸில் அதுவரை “சரி சார்” தவிர வேறெதுவும் பேசியறியாதவள். காது கிடைக்காவிட்டால், ஊழியர் ஒருவர் நேரில் போய் விசாரித்துச் சான்று தரலாம் என்று பதினோராம் விதி சொல்கிறது. சதுப்பும் கொசுவும் நிறைந்த அந்த ஓடைக்குப் போக யாருக்கும் மனமில்லாததால், அப்படியொரு விதி இருப்பதே மறந்துபோயிருந்தது. எழுந்து நின்று வாசித்துக் காட்டினேன். “நான் போறேன் சார்.”

ஹெட் கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். “போம்மா. முதலை உன்னையும் தின்னுட்டா யார் காதை நான் பைல் பண்றது?”

மாட்டை ஓட்டிக்கொண்டு அக்காவும், பைலைச் சுமந்துகொண்டு நானும் சிப்பிகாட்டுக்கு நடந்தோம். முதலை இழுத்துப் போனதைப் பார்த்த நான்கு பேரின் வாக்குமூலத்தைக் கரையில் நின்றே எழுதி, கைநாட்டு வாங்கி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். ஹெட் கிளார்க் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மேலே அனுப்பினார்; மானியம் பாஸாகி வந்தது.

மழைக்கு முன்னால் வந்த கப்பலிலிருந்து மாடுகளை கப்பல் துறையில் இறக்கினார்கள். பட்டியலை யாரும் வாசிக்கத் தொடங்குவதற்குள், பொன்னுத்தாய் அக்கா வரிசையின் முதல் மாட்டை அவிழ்த்துக்கொண்டு சிப்பிகாட்டுச் சாலையில் நடந்தார்.